ரெண்டு கை, ஒரு மூட்டை

பையை அங்கிட்டு நகத்த வேண்டாம் தாயி, என் மடியிலயே இருக்கட்டும். கனமில்ல. நீ நல்லா சாஞ்சு உக்காரு. உள்ள என்னன்னுதான பாக்க? பாத்துக்கோ, நான் ஒண்ணும் ஒளிச்சு வைக்கல. இந்தப் பெட்டியப் பாத்தா எல்லாரும் ஸ்வீட்டான்னுதான் கேக்காக. ஏறும்போது கண்டக்டரும் கேட்டான். ஸ்வீட்டா இருந்தா அவன் வாயில ஒண்ணத் திணிச்சு ஓசியில வந்திருப்பேன். இது விளையாட்டுச் சாமான். என் வயித்தெரிச்சலப் பெட்டி போட்டுக் குடுத்திருக்காக.

நீ எங்க இறங்கணும்? சீவில்லிபுத்தூரா. நான் மல்லி விலக்கு. அதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். முடியலைன்னா நீயும் என்கூட இறங்கிரு, வேற என்ன செய்ய.

எம் பேரு சீனியம்மா. பேருதான் சீனி, வாயி மொளகாத்தூளுன்னு எங்க செட்டுல சொல்லுவாளுக. சிவகாசியில அச்சாபீசுல வேலை. அச்சடிக்கிற வேலை இல்ல, பேக்கிங். காலண்டர் கட்டியிருக்கேன், கல்யாணப் பத்திரிகை கட்டியிருக்கேன், இப்ப நாலு வருசமா இந்த விளையாட்டுப் பெட்டி. தாயம் பரமபதம்னு நினைச்சிராத. இது படிச்ச சனம் ஆடுறது. பெங்களூர்ல ஐ.டி. கம்பெனியில வேலை பாத்துட்டு, சனி ஞாயிறு வீட்ல சும்மா இருக்க முடியாம மேசையில பரப்பி வச்சு ஆடுமாம். ஒரு பெட்டி ஆயிரத்தி ஐநூறு. அந்தக் காசுக்கு நான் ரெண்டு ஆட்டுக்குட்டியோட கால வாங்கிருவேன், மிச்ச ஆட்ட அடுத்த வருசம் வாங்குவேன்.

போன வருசம் ஆடியில ஒரு ஆர்டர் வந்துச்சு. மூவாயிரம் பெட்டி, தீவாளிக்கு முன்னாடி போகணும். பெட்டி மேல ஒரு கம்மா, அதுல தண்ணி தளும்பி நிக்குது, கரையில நாலு பேரு மண்மூட்டையோட நிக்காக. பேரு இங்கிலீசு, எங்களுக்கு வாசிக்க வராது, கம்மாக்கரை ஆட்டம்னு நாங்களே வச்சுக்கிட்டோம். ஒரு பெட்டிக்குள்ள என்னென்ன போகும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மடக்குற அட்டை ஒண்ணு. நீலக்கட்டை நாப்பத்தெட்டு, அதுதான் தண்ணி. மரத்துல செஞ்ச மூட்டை பதினாறு, மொச்சைக்கொட்டை தண்டி இருக்கும். வீடு நாலு, ஆளு நாலு, மழைச்சீட்டு முப்பத்தாறு. ரூல்ஸ் புக்கு ஒண்ணு, இங்கிலீசு. மூட்டை எண்ணிப் போடுறது என் வேலை. நான் எண்ணுன பெட்டியில ஒரு காய் குறைஞ்சிச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு நாய் குலைச்சதில்ல.

எனக்கு எதுத்தாப்புல குருவம்மா. கடைசியில பெட்டிய மூடி பிளாஸ்டிக் ஷ்ரிங்க் கவர் போடுறவ. ஒம்பது வருசமா எதுத்தாப்புல. எங்க செட்டுல ஒரே ஒரு ஃபேனு தாயி. சீட்டு அடுக்குற எடத்துல ஃபேன் போட்டா சீட்டுப் பூராம் பறந்து ரோட்டுக்குப் போயிரும். அதனால மூலையில கவர் போடுற எடத்துல மட்டும் ஒண்ணு. அதுக்கடியில குருவம்மா. அவளுக்கு தைராய்டு, சும்மா உக்காந்திருந்தாலே கழுத்துல தண்ணியா ஊத்தும். அவ அங்கன இருக்கிறதுதான் சரின்னு எல்லாரும் விட்டுட்டோம். நானும்தான் விட்டேன். ஒம்பது வருசம் வேர்த்துக்கிட்டே விட்டேன், அத யாரும் சொல்ல மாட்டாளுக.

வேஸ்ட்டுன்னு ஒதுக்குனதையெல்லாம் சேத்து ஆடுறதுக்கு ஒரு ஆட்டச் செட்டு தேத்துனதும் குருவம்மாதான். அட்டையில கோயில் கோபுரம் ரெண்டு நிழலா அச்சாகியிருக்கும், கட்டையில சாயம் விட்டிருக்கும். சோத்து நேரத்துல அத விரிச்சு, "ஏ சீனி, இத எப்பிடித்தான் ஆடுவாக?"ன்னா.

சூப்ரவைசர்ட்ட ரூல்ஸ் புக்கக் குடுத்தோம். அவரு கண்ணாடியப் போட்டுட்டு, "நாலு பேர் ஆடணும், பத்து வயசுக்கு மேல"ன்னு வாசிச்சுட்டு மூடிட்டாரு. அடுத்த பக்கம் கேட்டா கரண்ட் பில் கட்டணும்னு போயிட்டாரு. சரி, நாலு பேரு இருக்கோம். நானு, குருவம்மா, முனீஸ்வரி, வேலுத்தாயி. பத்து வயசு நாலு பேருக்கும் நாலைஞ்சு தடவை முடிஞ்சிருச்சு. அப்பறம் என்ன, படம் பாத்து ஆடுவோம்னேன். நான் மூணாப்பு. மூணாப்பு வரைக்கும் படத்தப் பாத்துத்தான பாடமே.

படத்துல அட்டைய எப்பிடி விரிக்கணும்னு இருந்துச்சு. மேல கம்மா, அதுல இருந்து நாலு தெரு கீழ இறங்குது, தெருவுக்கு ஒரு வீடு. ஆளுக்கு ஒரு வீடுன்னு பிரிச்சுட்டேன். ஒவ்வொருத்தர் முறைக்கும் மழைச்சீட்டு எடுக்கணும், சீட்டுல எந்தத் தெரு இருக்கோ அந்தத் தெருவுல நீலக்கட்டைய வைக்கணும். அஞ்சு கட்டை சேந்துச்சுன்னா வீடு காலி. இது வரைக்கும் படமே சொல்லிருச்சு. மூட்டைய வீட்டுக்கு முன்னால வச்சா தண்ணி நிக்கும், அதுவும் சரி. அடுத்த படத்துல ஒரு ஆளு நீலக்கட்டையத் தள்ளுறான், அம்புக்குறி பக்கத்துத் தெருவப் பாத்து இருக்கு. எனக்குப் புரிஞ்சு போச்சு. தண்ணிய பக்கத்துக்காரி வீட்டுக்கு ஏத்தி விடணும். ஊர்ல வயக்காட்டுல எங்க பெரியப்பன் செஞ்சது அதுதான, இதுக்கு எதுக்கு இங்கிலீசு?

அதுக்கடுத்த படம்தான் தாயி. ரெண்டு கை. நடுவுல ஒரு மூட்டை. ஒரு கை கீழ, ஒரு கை மேல. அவ்வளவுதான்.

நான் சொன்னேன், இது பிடுங்குறதுன்னு. அடுத்தவ மூட்டைய உன் முறையில பிடுங்கிக்கிறலாம். குருவம்மா குனிஞ்சு பாத்துட்டு, "குடுக்குற மாதிரில்ல இருக்கு"ன்னா. நான் விட்ட சிரிப்புல முனீஸுக்குப் புரையேறிருச்சு. "ஏன் குருவம்மா, வெள்ளம் வந்துக்கிட்டு இருக்கு, உன் வீடு முங்கப் போகுது, நீ மூட்டையத் தூக்கி அடுத்தவளுக்குக் குடுப்பியா? ரேஷன் கடை வாசல்ல ரெண்டு கையும் ஒரு மூட்டையும் நீ பாத்ததில்லையா?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாளுக. அவளும் சிரிச்சா. சிரிச்சான்னா, பல்லக் காட்டுனா.

அன்னைலருந்து அவளுக்கு அன்னதானம்னு பேரு வச்சுட்டேன். சும்மா கேலிக்குத்தான். அவ என்ன செய்வா தெரியுமா, ஆட்டத்துல அவ முறை வந்தா, யாரு வீட்ல நாலு கட்டை இருக்கோ அவளப் பாத்து மூட்டைய நீட்டுவா. "அன்னதானம் ஆரம்பிச்சாச்சு, தட்டத் தூக்கிட்டு வாங்க"ன்னு நான் கத்துவேன். அவ ஜெயிச்சதே இல்ல. தினமும் அவ வீடுதான் மொதல்ல விழும். வீடு விழுந்தவ டீ வாங்கப் போகணும்னு நான்தான் ஒரு ரூல் போட்டேன். ஒரே சீட்டு மூணு தடவை வந்தா எல்லா மூட்டையும் ஒரு தெரு தள்ளிப் போகணும், அதுவும் என் ரூல்தான். நல்லா சூடுபிடிச்சிருச்சு தாயி ஆட்டம். பஞ்சிங் மிஷின்ல நிக்கிறவளுக எல்லாம் சோத்து வாளியோட வந்து சுத்தி நிப்பாளுக. அப்பிடி ஒரு புரட்டாசி எங்க செட்டுல அதுக்கு முன்னால வந்ததில்ல, இனியும் வராது.

ஆர்டர் முடியப் போற வாரம். நான்தான் சொன்னேன், ஒரு பந்தயம் வைப்போம்னு. கடைசி நாளு ஆட்டத்துல யாரு ஜெயிக்காளோ அவளுக்கு ஃபேன் எடம்.

என்ன அப்பிடிப் பாக்க? கேட்டுத்தான் வச்சேன். "குருவம்மா, உனக்குச் சம்மதமா?"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டேன். "ஆட்டந்தான, வையி"ன்னா. எல்லார் முன்னாலயும் கேட்டா வேற என்ன சொல்லுவான்னு முனீஸு பின்னாடி சொன்னா. அது அவளா நினைச்சுக்கிட்டது.

கடைசி ஆட்டம். வேலுத்தாயி வீடு போச்சு, முனீஸு வீடு போச்சு. நானும் அவளும்தான். என் வீட்ல நாலு கட்டை, அவ வீட்ல நாலு கட்டை. எங்கிட்ட மூட்டை இல்ல, அவகிட்ட ஒண்ணே ஒண்ணு. அவ சீட்டு எடுத்தாச்சு, கட்டுல ஒரே ஒரு சீட்டு மிச்சம். இன்னும் அவ முறைதான். மூட்டைய எடுத்து அவ வீட்டு முன்னால வச்சான்னா நான் பிடுங்க முடியாது, ஃபேனும் அவளுக்குத்தான். வைக்கல தாயி. கையில வச்சுக்கிட்டு என்னப் பாத்தா. உள்ளங்கையில வச்சு, இந்தா, இப்பிடி, மேசைக்கு மேல நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. முறைய முடிச்சிட்டியான்னு கேட்டேன். தலைய ஆட்டுனா. அடுத்தது என் முறை. நான் பிடுங்கிட்டேன்.

நீட்டிக்கிட்டு இருந்தா பிடுங்க மாட்டாகளா? நீயே சொல்லு. ஆட்டத்துல கவனம் வேணும்ல. மூட்டைய என் வீட்டு முன்னால வச்சேன், கடைசிச் சீட்டப் புரட்டுனேன், அவ தெரு. வீடு விழுந்துச்சு. எல்லாரும் கை தட்டுனாளுக. நான் எந்திரிச்சு ஒரு ஆட்டம் போட்டேன், சேலை தடுக்கி ஷ்ரிங்க் ரோலு மேல விழப் பாத்தேன். சந்தோசத்துல நான் மூட்டையத் திரும்ப எடுத்துக் கையில பொத்திக்கிட்டே ஆடியிருக்கேன் போல, வீட்டுக்குப் போய் பாத்தா சுருக்குப்பையில கிடக்கு.

அவ தூக்குவாளிய எடுத்துக்கிட்டு சுவத்தோரம் போய் உக்காந்துட்டா. மறுநா வந்தா, அங்கனயே உக்காந்தா. நான், "ஏ, சும்மாத்தான சொன்னேன், வந்து உக்காரு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்னு வேலுத்தாயி சொல்றா. என்னத்துக்குச் சொல்லணும்? ஜெயிச்சது நான். ஜெயிச்சவ போய் கெஞ்சணுமா? அவ வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கேக்கல. தீவாளி முடிஞ்சு நாங்க ஆடுன அந்தப் பழைய ஆட்டச் செட்டையும் தூக்கிக்கிட்டு திருத்தங்கல் பக்கம் வேற கம்பெனிக்குப் போயிட்டா. லேமினேஷன். அங்கன மிஷின் சூடு மட்டும்தான், ஃபேன் கிடையாதாம்.

பேச்சு வார்த்தை நின்னு போச்சு. கார்த்திகையில அவ மகளுக்கு வளைகாப்பு. எங்க செட்டுல அத்தனை பேருக்கும் பத்திரிகை, சூப்ரவைசருக்கும் பத்திரிகை. எனக்கு இல்ல. அந்தப் பிள்ளைக்கு மொத தடவ தலை பின்னி விட்டது நான் தாயி. சரி, போகட்டும்.

ஃபேனா? உக்காந்திருக்கேன். நல்லா வருது காத்து. எதுத்தாப்புல இப்ப ஒரு புதுப்பிள்ளை, காதுல வயர மாட்டிக்கிட்டு மூட்டை எண்ணுது. என்ன கேலி பண்ணாலும் அதுக்குக் கேக்காது.

இதுக்கு நடுவுலதான் அந்தப் பொண்ணு வந்துச்சு, இந்த ஆட்டத்தக் கண்டுபிடிச்ச பொண்ணு. சஹானான்னு பேரு. பெங்களூர்ல இருந்து, குட்டை முடி, தமிழ் நல்லாத்தான் பேசுது. இன்னொரு மூவாயிரம் பெட்டி போடணும்னு வந்துச்சு. நாங்க வேஸ்ட்டுல வேற ஒரு செட்டு சேத்து ஆடிக்கிட்டு இருந்தோம். பாத்த உடனே அதுக்கு மூஞ்சியெல்லாம் வெளிச்சம். "அக்கா, என் கேமா விளையாடுறீங்க"ன்னு பக்கத்துல தரையில உக்காந்திருச்சு. ரெண்டு நிமிசம் பாத்துச்சு. மூணாவது நிமிசம் வெளிச்சம் அணைஞ்சு போச்சு.

"அக்கா, ஏன் அவங்க தெருவுக்குத் தண்ணிய விடுறீங்க?"

"பின்ன என் வீட்லயா வச்சுக்கிறது?"

"கீழ ஓடை இருக்குல்லக்கா. நாலு பேரும் சேந்து தண்ணிய ஓடைக்குக் கொண்டு போகணும். ஒரு வீடு விழுந்தாலும் எல்லாரும் தோத்தோம். மழைச்சீட்டு முடியிற வரைக்கும் நாலு வீடும் நின்னா எல்லாரும் ஜெயிச்சோம்."

எனக்கு வந்துச்சு பாரு. "எல்லாரும் ஜெயிச்சா தோத்தது யாருத்தா?"ன்னேன்.

"தண்ணிக்கா."

"தண்ணி தோத்து எனக்கு என்ன ஆகப் போகுது? அது டீ வாங்கிட்டு வருமா?"

முனீஸு என் கையக் கிள்ளுறா. நான் விடல. படத்தக் காட்டுனேன். "இந்தா, ரெண்டு கை, ஒரு மூட்டை. நீதான வரைஞ்ச? பிடுங்குறதுதான இது?"ன்னேன். அந்தப் பொண்ணு படத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "குடுக்குறதுக்கா"ன்னுச்சு. "கீழ இருக்கிறது குடுக்குற கை. உள்ளங்கையில வச்சு நீட்டுது. மேல இருக்கிறது எடுத்துக்கிற கை."

பஞ்சிங் மிஷின் அந்த நேரம் பாத்து நின்னுச்சு. வேலுத்தாயி மெதுவா, "குருவம்மா அன்னைக்கே சொன்னா"ன்னா. நான், "அவ ஆயிரம் சொல்லுவா, படம் ஒழுங்கா வரைஞ்சிருந்தா இந்த வம்பே இல்ல"ன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். நீயே சொல்லு, தப்பு வரைஞ்சவ மேலயா பாத்தவ மேலயா?

இதோட போகட்டும்னா போகல. அந்தப் பொண்ணுக்கு என் ஆட்டம் பிடிச்சுப் போச்சாம். திரும்ப வந்து எல்லா ரூலையும் கேட்டு எழுதிக்கிட்டுப் போச்சு, டீ வாங்குறது வரைக்கும். இந்தத் தடவை தமிழ்லயும் ரூல்ஸ் போடுதாம், கடைசிப் பக்கத்துல என் ஆட்டமும் வருதாம், இன்னொரு விதமா ஆடுறவங்களுக்குன்னு. எனக்குப் பெருமைதான், இல்லைங்கல. எங்க வீட்டுக்காரர்ட்ட கூடச் சொன்னேன். "உன் வாய்க்கு ஒரு பொஸ்தகம் பத்தாதே"ன்னாரு.

போன மாசம் அந்தத் தாளு அச்சாகி மடிக்க வந்துச்சு. சோத்து நேரத்துல முனீஸ வாசிக்கச் சொன்னேன், அவ ஒம்பதாப்பு. சத்தமா வாசி, எல்லாரும் கேக்கட்டும்னேன். வாசிச்சா. "சிவகாசி ஆட்டம். அச்சகத் தோழிகள் உருவாக்கியது." எல்லாரும் கை தட்டுனாளுக. நான் முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டேன். அவ அடுத்த வரியையும் வாசிச்சுட்டா. "எச்சரிக்கை. நட்பு முறிந்தாலும் பரவாயில்லை என்பவர்கள் மட்டும் ஆடவும்."

மொதல்ல சிரிச்சாளுக. அப்பறம் என்னப் பாத்தாளுக. அப்பறம் அவ அவ சோத்தப் பாத்தாளுக.

யாரு சொல்லிக் குடுத்தா அந்தப் பொண்ணுக்கு? முனீஸு சத்தியம் பண்றா, யாரும் சொல்லலைன்னு. படிச்சவுக சும்மா கேலிக்கு அப்பிடிப் போடுவாகளாம். கேலியா? கேலி பண்ண எனக்குத் தெரியாதா? அடுத்தவ மனசு நோகுற மாதிரியா கேலி பண்றது? அத மூவாயிரம் தாளு மடிச்சேன் தாயி, இந்தக் கையால. மடிக்கும்போதெல்லாம் அந்த வரி மேலயே வந்து நிக்குது. வாசிக்க முழுசா வராட்டியும் அந்த வரி மட்டும் இப்ப எனக்கு நல்லா வாசிக்க வருது.

முனீஸு இன்னொண்ணும் வாசிச்சா, முன்பக்கத்துல. அந்த ரெண்டு கை படத்துக்குக் கீழ. "உங்கள் மூட்டையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம். அவர் கேட்காமலே கொடுக்கலாம்." அத ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். காது சரியாக் கேக்கல, ஃபேன் சத்தம்.

அதான் இன்னைக்கு ஞாயித்துக்கெழமை, புதுப் பெட்டி ஒண்ணத் தூக்கிக்கிட்டு மல்லிக்குப் போறேன். குருவம்மா வீட்டுக்குத்தான், வேற யாரு இருக்கா மல்லியில. சமாதானம் பேசன்னு நினைச்சிராத. இந்த அநியாயத்த அவட்ட காட்டணும். நம்மளப் பத்தி எப்பிடி எழுதியிருக்கா பாரு, கேக்க ஆளில்லையான்னு. அவ வந்து அந்தப் பொண்ணுட்ட சொல்லணும்ல, நட்பெல்லாம் ஒண்ணும் முறியலைன்னு. நான் சொன்னா யாரு நம்புவா.

அப்பறம் இது ஒண்ணு இருக்கு. பிடி, சுருக்குப்பையத் திறக்கணும். இந்தா. மொச்சைக்கொட்டை தண்டி சொன்னேன்ல. அவ மூட்டை. அவ தூக்கிட்டுப் போன செட்டுல பதினஞ்சுதான் இருக்கும். பதினஞ்ச வச்சு ஆட முடியாது. எண்ணிக்கை என் பொறுப்பு, அதான் குடுத்துட்டு வந்திர்றேன். வேற ஒண்ணுமில்ல.

மல்லி விலக்கு வந்திருச்சா? போன ஞாயித்துக்கெழமையும் இதே பஸ்ஸுதான், பேசிக்கிட்டே சீவில்லிபுத்தூர் வரைக்கும் போயிட்டேன். இன்னைக்கு இறங்கிருவேன். கண்டக்டர், ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க, ஆளு இறங்குது, ஆடு இல்ல.

தாயி, இங்க பாரு, சட்டுனு ஒண்ணு சொல்லு. இப்பிடி நீட்டுனா எப்பிடி இருக்கு? குடுக்குற மாதிரி இருக்கா, பிடுங்க வந்த மாதிரி இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு, நீ படிச்ச பிள்ள.

ம்.

அப்ப கையை இன்னும் கொஞ்சம் கீழ வச்சுக்கிறேன்.